மாப்பிள்ளைக்கு எடுத்த அத்தர்

மாப்பிள்ளைக்குக் கொடுக்க வாங்கிய சாமான்களில் உடுத்தும் சாரம், சேட்டு, மணிக்கூடு எல்லாம் ஸுல்பிகாவுக்குப் பிடித்திருந்தன. அத்தர் போத்தலை மட்டும் திறந்த கையோடு மூடினாள். அது ஜவாத் போடும் அத்தர். ஜவாத் அவளுடைய முதல் கணவர். 2004 சுனாமியில் அவரைக் கடல் கொண்டுபோனது. இப்போது 2007. அடுத்த மாதம் மசூருடன் நிக்காஹ்.

அத்தரை வாங்கிவந்த அண்ணன், அப்துல் ஹமீட் காக்காவைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் கல்முனை ஆண்களில் பாதிப்பேர் காதுமடலில் செருகும் பஞ்சில் அந்த மணம்தான். தெருவில் அது கடந்து போகும்போது அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் சொல்லவும் முடியாது. கல்யாணச் சாமான் அடுக்கும்போது மௌத்தாகிப்போன கணவர் பெயரை எடுத்தால், பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்று உம்மா அழத் தொடங்கிவிடுவார்.

அவளை இன்னொரு கேள்வியும் அரித்தது. அதே அத்தர் வேறொருவர் உடம்பிலும் அதே மணம்தான் மணக்குமா?

தையல் பயிற்சி நிலையத்தில் அவளோடு வேலை செய்யும் கிருசாந்தியிடம் இதைச் சொன்னாள். கிருசாந்தி பாண்டிருப்பைச் சேர்ந்தவள், எதையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்பவள். மதிய இடைவேளையில் இருவரும் முகம்மது தம்பியின் அத்தர் கடைக்குப் போனார்கள். அவர் கண்ணாடிக் குச்சியால் கிருசாந்தியின் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். அவள் உடனே மற்றக் கையால் தேய்த்தாள்.

“தேய்க்காதீங்க தங்கச்சி. கொஞ்ச நேரம் உட்டுட்டு மணந்து பாருங்க. போத்தல்ல ஒரு மணம், தோல்ல ஒரு மணம். ஆளுக்கு ஆள் மாறும். யாருக்கு எடுக்கிறீங்க?”

“மாப்பிள்ளைக்கு,” என்றாள் ஸுல்பிகா.

“அப்ப மாப்பிள்ளைர கையிலதான் வெச்சுப் பார்க்கணும்.”

“போட்டோக்கொப்பிக் கடையில இருக்காரு,” என்றாள் கிருசாந்தி. “இழுத்துக்கொண்டு வரவா?”

ஸுல்பிகா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு, வேறு இரண்டு அத்தர்களில் சின்னச் சின்னக் குப்பி வாங்கினாள். வீட்டில் இருந்ததிலும் கொஞ்சம் ஒரு குப்பியில் ஊற்றி, மூன்றையும் கிருசாந்தியின் கையில் கொடுத்தாள். நிக்காஹ்வுக்கு முன் தானே போய் மசூரின் கையை மணந்து பார்க்க முடியாது.

மறுநாள் காலை வழியில் சோதனைச் சாவடிச் சென்ரியில் நின்ற சிப்பாய் கிருசாந்தியின் பையைச் சோதித்தான். மூன்று குப்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்தான். ஒன்றைத் தன் கழுத்தில் கொஞ்சம் பூசிக்கொண்டு, போகச் சொன்னான்.

மசூர் மனைவியை நோயில் இழந்தவர், அதிகம் கதைக்காதவர். கிருசாந்தி கடைக்குப் போய்க் கேட்டதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று, முன்னங்கையின் உட்புறத்தில் மூன்றாவது.

“தேய்க்கப்படாது நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் கிருசாந்தி. “ பின்னேரம் வந்து பார்ப்பன்.”

பின்னேரம் வந்தபோது அவர் கையில் மணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கொப்பி மெசினின் சூட்டு வாடைதான் இருந்தது.

“கழுவிட்டீங்களா?”

“பகல் ளுஹர் தொழுதன். தொழ முந்தி வுழூ எடுத்தா முழங்கை வரைக்கும் கழுவணுமே.”

“காலையில சொல்லியிருக்கலாமே நானா.”

“நீங்க பூசிற வேகத்தில எங்க கதைக்கிற?”

கொப்பி எடுக்க வந்திருந்த ஒருவர் சிரித்தார். அவர் போகும்வரை மசூர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அதில ஒண்டு ஊர்ல எல்லாரும் போடுறது. அவங்கட மௌத்தான மாப்பிள்ளையும் அதைத்தான் போட்டவரா?”

கிருசாந்திக்குப் பொய் சொல்லத் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை.

“எது வேணாமெண்டு மட்டும் கேட்டுட்டு வாங்க. மத்தது எதெண்டாலும் எனக்குச் சரி.” கடதாசிகளை மீண்டும் அடுக்கியபடி, “எனக்கும் அப்படி ஒண்டு இருக்கு. மல்லிகைப் பவுடர். மனைவி இருக்கக்குள்ள வீட்டில அதுதான் எப்பவும் மணக்கும். உங்கட கூட்டாளி போடுறவங்களோ தெரியா,” என்றார்.

கிருசாந்தி இதைச் சொன்னபோது ஸுல்பிகா முதலில் கேட்டது வேறு. “கழுவ முந்தி, அந்த அத்தர் அவர்ல எப்படி மணந்த?”

“மணந்த. ஆனா உன்ட ஜவாத் நானாவை நான் எங்க கிட்டப் போய் மணந்தன்? அதுவும் இதுவும் ஒண்டா எண்டு எனக்கென்னண்டு தெரியும்?”

அன்று மாலை ஸுல்பிகா போத்தலைக் காக்காவின் முன்னால் வைத்தாள். “இதை மாத்தணும் காக்கா. இது மௌத்தானவர் போட்டது.”

அப்துல் ஹமீட் போத்தலைப் பார்த்தார். “நானும் இதைத்தானே போடுறன். நான் பக்கத்தில வந்தா உனக்கு ஒண்டும் இல்லையே.”

“நீங்க போட்டா அது வேற மணம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. இத்தனை வருடங்களாக ஒரே போத்தல் மணம் இந்த வீட்டுக்குள் வந்து போகிறது. காக்காவிடம் அது ஒருநாளும் ஜவாத்தாக மணந்ததில்லை. மசூரிடமும் மணக்காமல் போகலாம்.

“அப்ப இருக்கட்டுமா, மாத்தவா?” என்று கேட்டார் காக்கா.

அவள் யோசித்தாள். “மாத்துங்க. எது வேணாமெண்டு மாப்பிள்ளையே கேட்டுட்டாரு. கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லணும்.”

காக்கா அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க எழுந்தார். போத்தலைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

“எது வேணாமெண்டு சொல்லிடு,” என்று மறுநாள் கிருசாந்தியிடம் சொன்னாள் ஸுல்பிகா. “மத்த ரெண்டில அவர் ஒண்டை எடுக்கட்டும். இந்த முறை முழங்கைக்கு மேல பூசச் சொல்லு.”

“மல்லிகைக்கு என்ன சொல்ல?”

ஸுல்பிகா தையல் மெசினின் லாச்சியைத் திறந்தாள். வெயில் காலத்தில் கழுத்துக்குப் போடும் பவுடர் டின் அதற்குள் இருந்தது, முக்கால்வாசி மீதியோடு. மல்லிகைதான்.

“போட்டதுதான், இனிப் போடல்லயெண்டு சொல்லு.”

“அப்ப டின்னை எனக்குத் தா,” என்று கிருசாந்தி கையை நீட்டினாள்.

“எடு. ஆனா அவர்ர கடைக்குப் போற நாள்ல நீயும் போடப்படாது.”