களைப்பாட்டு

நல்லகண்ணுவுக்கு மனுசரை நம்பிப் பழக்கமில்லை. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் சம்சாரத்தைச் சேர்த்த ஒன்பது நாளும் சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

ஆறுமுகத்தாய்க்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். பேச்சு போனதுதான் அவரைத் தின்றது. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒரு முனகல்தான். வருகிற பேச்சு சீக்கிரம் வந்தால்தான் உண்டு, நாள் போகப் போகக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் இன்பம் டீச்சர் படுத்திருந்தாள். சர்க்கரைப் புண்ணில் கால் வீங்கிக் கிடந்தது. நர்ஸ் ஜெனிபா கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் வலியை மறக்க ஏதாவது கிறிஸ்தவ ஞானப்பாட்டை இழுத்துப் பாடுவாள். பத்தாம் நாள் காலை நல்லகண்ணு டீக்கடையிலிருந்து கொஞ்சம் முந்தியே திரும்பிவிட்டார். டீச்சர் பாட, ஆறுமுகத்தாயும் கூடவே முனகிக்கொண்டிருந்தாள். இடது கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, வாய் செத்துக் கெடக்கவள உங்க வேதத்துக்கு இழுக்கப் பாக்கியளோ?”

“அவியளாத்தான் கூடச் சேந்தாவ அண்ணாச்சி. நான் என் வலிக்குப் பாடுதேன்.”

“எல்லாம் தெரியும். இப்பிடித்தான் ஆரம்பிப்பிய.”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெனிபா சமாதானத்துக்கு வந்தாள். “நீயும் அந்தக் கூட்டந்தானே” என்று அவளையும் விரட்டினார். கடைசியில் ஆறுமுகத்தாயைக் கோடியிலிருந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூக்கைத் திறந்தார்.

அன்றிலிருந்து அவளுடைய முனகலும் நின்றது. தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள். இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

இரண்டு நாள் கழித்து ஊசி போட வந்த ஜெனிபா சொன்னாள். “தாத்தா, நீங்க டீக்குப் போற நேரத்துல நாலு நாளா டீச்சர் பாட, ஆச்சியும் கூட முனங்கிக்கிட்டுதான் இருந்தாவ. நாலாம் நாளு ஆச்சிக்கு வார்த்தையே வந்துச்சு. ‘கோரை பறிக்கையிலே’ன்னு எடுத்தாவ, டீச்சர் பின்பாட்டா தன்னானே போட்டாவ. அப்புறம் டீச்சர் பாட்டுக்கு ஆச்சி முனங்குனாவ. டாக்டர்ட்ட சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க சண்டைக்கு வந்துட்டிய.”

“வார்த்தையா?”

“வார்த்தைதான்.”

எழுந்து போய்ப் பார்த்தார். டீச்சர் கட்டிலில் வெறும் மெத்தைதான் கிடந்தது. புண் வந்த காலை வெட்டி எடுக்க வேண்டுமென்று விடியற்காலையிலேயே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஜெனிபா டீச்சருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

அது உளுந்தங்காட்டில் களை பறிக்கையில் பெண்கள் பாடுகிற களைப்பாட்டு. கல்யாணமான வருசத்திலிருந்து வரப்பில் நின்று கேட்டது. ஆறுமுகத்தாய்தான் முன்னால் எடுப்பாள், மற்றவர்கள் பின்னால் வாங்குவார்கள். ‘வாயைக் கொறச்சுக் கையை ஓட்டுங்கட்டி’ என்று கத்தியதைத் தவிர அவர் அந்தப் பாட்டுக்குச் செய்தது ஒன்றுமில்லை.

கட்டிலருகே வந்து நின்றார். வார்டைப் பார்த்துக் கேட்டார்.

“யாருக்காவது களைப்பாட்டு தெரியுமா?”

அன்றைக்கு அவர் போட்ட கூச்சலை யாரும் மறந்திருக்கவில்லை. மருமகளுக்குத் துணையாகக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஆமினாள்தான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

“எங்களுக்குத் தறிதான் அண்ணாச்சி, காடு தெரியாது. தன்னானே வேணும்னா போடுதேன். நீங்க எடுங்க.”

“நான் பாடுனதில்ல.”

“சண்டை போட்ட தொண்டைதானே, அதையே தொறங்க.”

யாரோ சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. “கோரை பறிக்கையிலே… கொண்டை அவுந்திருச்சே…” என்று எடுத்தார். வண்டிமாட்டை அதட்டுகிற மாதிரி வந்தது. ஆமினாள் தன்னானே போட்டாள். எதிர்க்கட்டில்காரி ஒருத்தியும் மெல்லச் சேர்ந்துகொண்டாள்.

ஆறுமுகத்தாய் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

அடுத்த வரி அவருக்குத் தெரியாது. நின்றார். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். உதடு ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது, சத்தம் வரவில்லை.

“நிறுத்தாதீங்க அண்ணாச்சி” என்றாள் ஆமினாள்.

அவர் முதல் வரியையே மறுபடி எடுத்தார்.