புளியில் ஊறிய காவல் தேவன்

லண்டன் ஹரோவில் சந்திரவதனா மாமி வீட்டுக்குள் நான் நுழைந்தபோது நேரம் பத்து இருபது. என் மேலதிகாரி மெலனி பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சிங்குக்குள், புளிக்கரைசலில், சீனத்துக் காவல் தேவன் மல்லாந்து கிடந்தான்.

“மாமி! என்ன செய்யிறியள்?”

“உன்ர மேலதிகாரி வாறா எண்டு சொன்னனீ. ஊத்தையோடயே காட்டுறது? விளக்கு மினுக்கிற மாதிரித்தான். பார், எப்பிடிப் பளபளக்கிறார்!”

மாமியின் கையில் பச்சை ஸ்பொஞ்ச்.

விஷயம் இதுதான். ஓர் ஏலக் கம்பனியின் சீனக் கலைப்பிரிவில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. திங்களோடு அது முடிகிறது. என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்பது பிரிவின் தலைவி மெலனியின் கையில். இந்தச் சோடிச் சிலைகளைப் போன மாதம் மாமி வீட்டில் நான்தான் கண்டுபிடித்தேன். பத்து வருஷத்துக்கு முன் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், யாரோ வீடு காலிசெய்தபோது யோகராஜா மாமா வாங்கியவை. உக்கிரமான முகத்தைப் பார்த்து வைரவர் என்று நினைத்து, சாமி அறை வாசலில் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார். முழங்கை நீளம், தங்க முலாம் பூசிய வெண்கலம், கவசம், பிதுங்கிய கண்கள், தீச்சுவாலையாக மேலெழுந்த முடி. அந்த முடியில் சிவப்பு! இத்தனை பழைய சிலையில் அந்தக் காலத்துச் சாயம் மிஞ்சியிருப்பது அபூர்வம். படங்களை அனுப்பி மெலனிக்கு எழுதினேன்: ‘மூலச் சாயம் அப்படியே இருக்கிறது. யாரும் சுத்தம் செய்யவில்லை.’ அந்த இரண்டு வரிக்காகத்தான் அவர் வருகிறார்.

சிலையைத் தூக்கிக் குழாயில் கழுவினேன். முடியில் சிவப்பே இல்லை. மூக்கிலும் முழங்காலிலும் ஸ்பொஞ்ச் உரசி, தங்கம் போய் வெண்கலம் தெரிந்தது.

“மற்றவர்?”

“அவரைத் தொடேல்லை. வடைக்கு உழுந்து அரைக்கவே நேரம் போட்டுது. ஏன்ரா முகம் செத்துப்போச்சு?”

“இவரைக் காட்ட ஏலாது மாமி. என்ர வேலை போயிடும்.”

மாமி ஸ்பொஞ்சைக் கீழே வைத்தார். “அப்ப ஒளிச்சு வை. மாமா கடைக்குக் கொண்டுபோயிட்டார் எண்டு சொல்லு. அப்டன் பார்க் கடை வரைக்கும் போய்ப் பாக்கவே போறா?”

வாசல் மணி அடித்தது. பத்து நாற்பதுதான். நான் சிலையைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளினேன்.

மெலனியின் பெற்றோர் மன்னார்க்காரர். அலுவலகத்தில் அவர் தமிழ் பேசிக் கேட்டதே இல்லை. “வணக்கம் அன்ரி” என்றபடி நேரே சாமி அறை வாசலுக்குப் போய் முழங்காலில் இருந்தார். சின்ன லைட்டை அடித்து அடித்துப் பார்த்தார்.

“மற்றது எங்க?”

“மாமான்ர கடையில.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மெலனி ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து நாக்கில் வைத்து நனைத்தார். சாயத்தைச் சோதிக்க எச்சிலைப் பாவிப்பது எங்கள் தொழிலில் வழமை.

“ஐயோ பிள்ளை! வைரவருக்கு எச்சிலோ!” மாமி பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். “வேணுமெண்டா தண்ணி தாறன். தண்ணிக்கும் போகாது, எண்ணெயில குழைச்சதெல்லோ.”

“எதை அன்ரி?”

“குங்குமத்தை. பத்து வருஷமா ஒவ்வொரு வெள்ளியும் வைரவற்ற தலை முழுக்க என்ர மனுசன் பூசுறவர்.”

மெலனி வேறு குச்சி எடுத்து, உலர்ந்தபடியே முடியில் உருட்டினார். குச்சி சிவந்தது. மணந்து பார்த்தார்.

“நல்லெண்ணெய்” என்றார். “லக்‌ஷன், வீட்டுக்காரரிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கேட்டனீரோ?”

“இல்லை.”

அவர் பையை மூடி எழுந்தார். சப்பாத்தைப் போடக் குனிந்தார்.

“கடையில இல்லை” என்றேன். “மற்றது குசினிக்குள்ள இருக்கு.”

“டேய்!” என்றார் மாமி.

ஓடிப்போய் எடுத்து வந்து மெலனியின் முன் வைத்தேன். அவர் ஒற்றைச் சப்பாத்தோடு இருந்துவிட்டார். கண்ணாடி வைத்து மூக்கை, முழங்காலை, முடியின் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தார்.

“எதால தேய்ச்சது?”

“புளி” என்றேன்.

“நான்தான் பிள்ளை, ஸ்பொஞ்சாலயும் கொஞ்சம்” என்றார் மாமி.

“வெறும் தங்கப் பெயின்ற் எண்டா புளியோட போயிருக்கும். மடிப்புக்குள்ள தங்கம் அசையவே இல்லை. பாதரசம் கலந்து நெருப்பில ஏத்தின முலாம்.” அவர் குரல் முதல்தடவையாக வேகமானது. “இது நல்ல சாமான், லக்‌ஷன்.”

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா நீர் எனக்குப் பொய் சொன்னனீர்.”

“ஓம்.”

“குங்குமத்தைச் சாயம் எண்டது பிழை. பிழையைத் திருத்தலாம். கடையில எண்டது வேற.” சிலையை அவர் கீழே வைக்கவில்லை. “நிரந்தரமாக்க மாட்டன். இன்னும் மூண்டு மாதம் பாக்கிறன். ஏலப் பட்டியலில இந்தச் சோடியைப் பற்றி நான் எழுதுவன். உம்மட பேர் வராது.”

தலையாட்டினேன்.

மெலனி மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “சேதத்தை மட்டும் நீர் எழுதும். மூக்கில தொடங்கும்.”

மாமி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “எழுதேக்க, இண்டைக்குத்தான் மினுக்கினது எண்டு போடு. பத்து வருஷமாத் தேய்ச்சனாங்கள் எண்டு நினைக்கப் போயினம்.”