இடுகாட்டுத் தோப்பு

ஞாயிறு ஆராதனையில் வேதப் பாடம் வாசிக்க லெஸ்தினா எழுந்தாள். போதகர் குறித்துக் கொடுத்தது, மேலிடத்துக்குக் கீழ்ப்படிவது பற்றிய பகுதி. அவள் திருப்பியது வேறு பக்கம். கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடலைப் பறவையும் மிருகமும் தொடாதபடி, பாறைமேல் காவல் கிடந்த ஒரு தாயின் கதை.

வாசித்து முடித்துச் சொன்னாள்: "நம்ம பிள்ளைங்க படுத்திருக்கிற தோப்பை வெட்டக் கூடாது. நமக்குத் தண்ணி தர்ற ஊத்தும் அங்கதான் இருக்கு."



மலாவியின் அந்த மலையடிவாரத்தில் இடுகாட்டு மரத்திலிருந்து சுள்ளி ஒடிக்கக்கூட யாரும் துணிய மாட்டார்கள். இப்போது கோயிலுக்குத் தகரக் கூரை வேண்டுமாம். சபை மூப்பர்கள் மொத்தத் தோப்பையும் கரி வியாபாரிக்கு விலைபேசிவிட்டார்கள். அங்கே நிலம் வருவது தாய்வழியில். கையெழுத்து மட்டும் எப்படியோ ஆம்பிளை வழியில் போய்விடுகிறது.

"சங்கத் தலைவி என்ன வேடிக்கை பாக்குறீங்க?" என்றார் போதகர். "அவ தலைத்துணியை அவிழுங்க."

மாதர் சங்கத் தலைவி நசிபெகோ வந்து சங்கச் சீருடையின் வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். லெஸ்தினாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. சங்கச் சீருடையை இழந்தவள் செத்தால், அடக்கத்தில் பாட ஒருத்தியும் வரமாட்டாள். சத்தமில்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். 

மறுநாள் விடிந்ததும் தோப்புக்குள் போய், மகளைப் புதைத்த மேட்டருகே அத்திமரத்தடியில் உட்கார்ந்தாள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. அடிப்பார்களோ என்று பயம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து ரம்பச் சத்தம் கேட்க வேண்டுமே என்ற பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

கரி வியாபாரியின் லாரி மேடேறி வந்து நின்றது. பின்னால் சருகு நொறுங்க, பதறித் திரும்பினாள். நசிபெகோ, இடுப்பில் பழைய துணியைச் சுற்றி, வெறுந்தலையோடு நின்றாள்.

"சீருடை எங்கக்கா?"

"போதகர் வாசல்ல மடிச்சு வச்சிட்டேன். அவிழ்க்கிற வேலை அவருக்கு மிச்சம். தள்ளி உட்காரு."

"ஐயோ, உங்களுக்கும் பாட ஆள் வராதே."

ஆட்கள் குதித்து இறங்கினார்கள். ரம்பம் உறுமியது. நசிபெகோ அவளருகே உட்கார்ந்தாள்.

"நான் முந்திட்டா நீ பாடு. நீ முந்திட்டா நான் பாடறேன். என் குரல் கொஞ்சம் கட்டை, பொறுத்துக்க."