உதவாமல் உட்கார்ந்திருந்தவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. எங்கள் துறையின் இரண்டாம் மாடியில் இரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. கேட்டதில் ஆசிரியைக்கு ஒரு தலைவலியும் எழுத்தாளருக்கு ஒரு கதையும் சேர்ந்தாற்போல வந்தன. இரண்டு பேரும் நானே என்பதால் இரண்டையும் நானே சுமக்க வேண்டியதாயிற்று.

மினசோட்டாவின் வடக்கே, ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் 'நடத்தை அறிவியல் ஆய்வு முறைகள்: ஓர் அறிமுகம்' என்ற பாடத்தை நடத்துகிறேன். பெயரைக் கேட்டதும் கொட்டாவி வந்தால் தவறில்லை, என் மாணவர்களுக்கும் வருகிறது. மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு பிள்ளைகள் வருகிறார்கள். நானோ அதை எப்படியெல்லாம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதையே பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெஸ்ஸாவின் கண்களில் இனம்புரியாத ஒரு —"

(நிறுத்து. இந்த ஊர்க் கதை என்றாலே பனி கொட்ட வேண்டுமா? ஆனால் அன்று நிஜமாகவே கொட்டியது, கொட்டாவிட்டால் கதையே இல்லை. பனி இருக்கட்டும், 'இனம்புரியாத' போகட்டும். கண்ணில் தெரிந்ததை எந்த அளவுகோலால் அளந்தாய் என்று மாணவர்களை மடக்குகிறவள் நான். எனக்கு மட்டும் சலுகையா?)

இரண்டாம் முயற்சி:

"டெஸ்ஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்."

பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன், வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆனால் படிக்கிற நீங்கள், பாவம், கண்ணாடி ரொம்ப அழுக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் என் கதை என்னாவது? அதனால் விதியை மீறி நேராகவே சொல்கிறேன். டெஸ்ஸா பயந்துபோயிருந்தாள்.

3

டெஸ்ஸா மாக்கி கடைசி ஆண்டு மாணவி. அப்பா ஊராட்சியின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறார். மேற்படிப்புக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டிருந்தாள். வசந்த காலத்தில் எங்கள் துறையில் மாணவர்களின் ஆய்வுகளைச் சுவரொட்டிகளாக மாட்டி வைப்போம். அன்று வருகிறேன், உன்னுடைய கண்டுபிடிப்பைக் காட்டு என்று அங்குள்ள பேராசிரியர் எழுதியிருந்தார். எனவே அவளுக்கு அவசரமாக ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. 'ஒரு வித்தியாசமும் தெரியவில்லை' என்று எழுதிய சுவரொட்டி முன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். நான்கூட நிற்பதில்லை, தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அவளுடைய ஆய்வு எளிமையானது. காத்திருக்கும் அறையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே, அவரைப் போலவே காத்திருப்பதாக நடிக்கும் நம்முடைய உள்ளாள். உள்ளாள் ஒரு டப்பா பென்சிலைக் கீழே கொட்டுவான். சில சமயம் "ஓப், ஸாரி!" என்பான்,* சில சமயம் வாயே திறக்க மாட்டான். 'ஓப்' சொன்னால் அதிகம் பேர் குனிந்து உதவுவார்கள் என்பது டெஸ்ஸாவின் கணிப்பு. அறையிலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடியாகத் தெரியும் ஒருபக்கத் தடுப்புக்குப் பின்னால் இருந்து அவளே பார்த்துக் குறித்துக்கொள்வாள்.

(* எங்கள் ஊரில் இடித்தாலும், இடிபட்டாலும், குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுக்க ஒருவரைத் தாண்டிக் கை நீட்டினாலும் வாயில் தானாக வரும் சத்தம்.)

டெஸ்ஸா மறந்துவிட்ட ஒரு விஷயம், அவள் ஆய்வு செய்தது மினசோட்டாக்காரர்களை. 'ஓப்' சொன்னாலும் உதவினார்கள், சொல்லாவிட்டாலும் உதவினார்கள். ஒரு அம்மாள் பென்சில்களை நிறவாரியாக அடுக்கியே கொடுத்துவிட்டுப் போனார். உள்ளாள் வாய் திறக்காத முறைகளில் ஏதோ சிலர் மட்டும் அசையாமல் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லத் தேவையான கோடு மயிரிழையில் தவறியது. இன்னும் ஒரே ஒரு ஆள் உதவாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

கடைசி நாளன்று அந்த ஆள் வந்தாள்.

4

கோல்பியை இப்போது உள்ளே விடுகிறேன். அவன்தான் பென்சில் கொட்டுகிறவன். நல்ல உயரம், வாரினாலும் அடங்காமல் நிற்கும் தலைமுடி, யாரையும் நோகடிக்கத் தெரியாத பையன். (இந்தக் கதையின் முதல் பிரதியைப் படித்த என் கணவர், "இவ்வளவு நல்லவனா? நம்பும்படி இல்லையே" என்றார். நீங்கள் ஒருவர் சொல்வதை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று பதில் சொன்னேன். இரவு உணவு கொஞ்சம் அமைதியாகவே முடிந்தது.)

அன்று கொட்டிய பனியில் பங்கேற்பாளர் வரவில்லை. ஆனால் கோல்பி உள்ளே நுழைந்தபோது ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலை எதிர் நாற்காலியில் நீட்டி, போனில் பாட்டை அலறவிட்டு, பபிள்கம் மென்றபடி. சரி, இவள்தான் என்று உட்கார்ந்தான்.

அவளுக்குப் பெயர் பஹுவா சியாங். என்னுடைய மாலை வகுப்பு மாணவி. கோல்பியும் டெஸ்ஸாவும் காலை வகுப்பு, அவர்களுக்கு இவள் முகம் தெரியாது, இவளுக்கு அவர்கள் முகம் தெரியாது. பஹுவாவின் குழு வேறொன்றை ஆராய்ந்தது. பொது இடத்தில் ஒருவர் மரியாதையில்லாமல் நடந்தால், பக்கத்தில் இருப்பவர் தட்டிக் கேட்பாரா? மரியாதையில்லாமல் நடக்கும் உள்ளாள், பஹுவா. அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் அதே காத்திருக்கும் அறையைத்தான். அவர்களுடைய பங்கேற்பாளரும் பனியில் மாட்டிக்கொண்டார், குறிப்பெடுக்க வேண்டியவனும் மாட்டிக்கொண்டான். உள்ளே வந்த கோல்பியைப் பார்த்து, சரி, இவன்தான் என்று அவளும் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

ஒரே அறையில் இரண்டு உள்ளாட்கள். ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு வார்த்தை பெயர் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்பீர்கள். வேறு எந்தத் தொழிலிலும் கேட்டிருப்பார்கள். எங்கள் தொழிலில் பங்கேற்பாளரின் பெயரைக் கேட்பது பாவம். ரகசியம் காக்க வேண்டும் என்று அதை இந்தப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றியது நானேதான்.

கோல்பி பென்சிலைக் கொட்டினான். அன்றைய முறை வாய் திறக்காத முறை. பஹுவா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோல்பி நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான். பஹுவா காலைக்கூட நகர்த்தவில்லை, பாட்டின் சத்தத்தைத்தான் கூட்டினாள். தடுப்புக்குப் பின்னால் டெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டு துள்ளிக் குதித்தாள். 'உதவவில்லை' என்று கணினியில் ஒரு வரி ஏறியது. கணக்கு கோட்டைத் தாண்டியது.

5

கதை இங்கேயே முடிந்திருக்கும். டெஸ்ஸாவுக்குக் கண்டுபிடிப்பு, கோல்பிக்கு முட்டிவலி, பஹுவாவுக்கு மதிப்பெண் என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பஹுவாவால் தாங்க முடியவில்லை. நடைவழியில் அவன் பின்னால் ஓடினாள்.

"ஏய், நில்லு, நில்லு! இந்தா, உன் பென்சில். என் பூட்ஸுக்கு அடியில மாட்டியிருந்துச்சு."

"பரவால்ல, நீயே வெச்சுக்கோ."

"ஐயோ, நீ வேற நல்லவனா இருந்து கொல்லாதே! நான் அப்படிப்பட்ட பொண்ணு இல்ல, சத்தியமா. எங்கம்மா மட்டும் பார்த்திருந்தா என் தோலை உரிச்சிருப்பாங்க. நீ தரையில தவழ்ந்தப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அட, அதுக்கு எதுக்கு அழறே? நான் வேணும்னுதான் கொட்டினேன்."

"என்னது?"

"அது என் வேலை."

பஹுவா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் வேணும்னுதான் எடுக்கல. அது என் வேலை."

கோல்பி பென்சிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கோல்பி, "அப்போ யாரு யாரைச் சோதிச்சோம்?" என்றான். அவ்வளவுதான், இருவரும் சுவரில் சாய்ந்து வழுக்கித் தரைக்கு வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது அந்த நேரத்தில்.

சிரிப்பு அடங்கியதும் கோல்பியின் முகம் மாறியது. "டெஸ்ஸா," என்றான்.

6

தடுப்புக்குப் பின்னால் இருந்த அறைக்கு மூன்று பேரும் போனோம், டெஸ்ஸாவிடம் கோல்பியே சொன்னான். பஹுவா பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"விளையாடாதடா."

"இல்ல டெஸ். அவ ஆய்வுக்கு வந்தவ இல்ல. என்னை மாதிரி நடிக்க வந்தவ."

டெஸ்ஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். (இதைத்தான் முதலில் எழுத முயன்றேன்.) பிறகு தன் ஆய்வுத் திட்டத்தைத் திரையில் திறந்து, ஒரு வரியைத் தட்டிக் காட்டினாள். 'அறைக்குள் வந்து உட்கார்ந்தவர் எவரையும் பிற்பாடு நீக்கமாட்டோம்.' பிடிக்காத முடிவைச் சாக்குச் சொல்லித் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்று அவளாகவே முன்கூட்டிப் போட்டுக்கொண்ட கட்டு. பிரமாதம் என்று அதை வகுப்பில் வாசித்துக் காட்டியவள் நான்.

"நீக்கமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப நீக்கச் சொல்றீங்களா?"

"அவ உண்மையான ஆளே இல்லையே, டெஸ்."

"உட்கார்ந்திருந்தாளா இல்லையா? உதவினாளா இல்லையா?"

"மன்னிச்சிடு," என்றாள் பஹுவா. "நான் அந்தப் பென்சிலைக் கொண்டுவந்து குடுக்காம இருந்திருந்தா..."

"உன்னை யாரும்மா திட்டினது? இந்த ஊர்லயே உதவாத ஆள்னு எனக்குக் கிடைச்சவ நீ ஒருத்திதான். நீயும் பின்னாலயே ஓடிவந்து உதவிட்டே," என்றாள் டெஸ்ஸா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

7

முடிவுகள், கைவசம் உள்ளவை:

டெஸ்ஸா கணினியில் ஏறிய பஹுவாவின் வரியை அழிக்கிறாள். வந்த பேராசிரியர் அவள் நேர்மையைக் கண்டு நெகிழ்ந்து அங்கேயே இடம் — (இது நீதிபோதனை வகுப்புக்கு. தெற்கிலிருந்து வண்டி ஓட்டி வருகிறவர் காபி எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.)

டெஸ்ஸா வரியை வைத்துக்கொள்கிறாள். இடம் கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு யார் எதைக் கீழே போட்டாலும் அவள் — (வேண்டாம். அவளை அப்படித் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.)

கோல்பியும் பஹுவாவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். விருந்தினர் தலையில் அட்சதைக்குப் பதில் பென்சில் — (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. ஆனால் டெஸ்ஸா என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள்.)

8

நடந்ததை, நான் பார்த்தவரை, எழுதிவிடுகிறேன்.

"ப்ரொஃபசர், நீங்க சொல்லுங்க. எடுக்கவா, வைக்கவா?"

"என்னைக் கேட்டா, டெஸ்ஸா —"

"வேண்டாம், சொல்லாதீங்க!" கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "உங்களுக்கு எது வேணும்னு உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. கோல்பிக்கு ஒண்ணு வேணும். அவளுக்கும் ஒண்ணு வேணும். முடிவு மேல ஆசை இருக்கிறவங்க ரூம்ல நிக்கக் கூடாதுன்னு பாடம் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப மூணு பேரும் வெளிய போங்க."

கோல்பி தயங்கினான். "ஆசை உனக்கும் இருக்கே, டெஸ்?"

"எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். ஆனா நானும் வெளிய போயிட்டா இதை யாரு செய்யறது?"

வெளியே வந்தோம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுதுகிறவளுக்குச் சாத்திய கதவு ஒரு பொருட்டில்லை, நினைத்தால் ஒரே வாக்கியத்தில் உள்ளே போய்விடலாம். ஆனால் டெஸ்ஸாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் ஜெயிக்க வேண்டும், நேர்மையாகவும் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று பேராசைப்படுகிறேன். நான் உள்ளே போனால் அவள் செய்ததை எழுத மாட்டேன், நான் ஆசைப்பட்டதைத்தான் எழுதுவேன்.

உள்ளே விசைப்பலகை ஒரே ஒரு முறை தட்டப்படும் சத்தம் கேட்டது. அழிப்பதற்கும் ஒரு தட்டுதான், அப்படியே சேமிப்பதற்கும் ஒரு தட்டுதான்.

கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எட்டிப் பாருங்கள். பார்ப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும், டெஸ்ஸா என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் மனசு அடித்துக்கொள்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் உங்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. வாருங்கள், இப்படி எங்களோடு தரையில் உட்காருங்கள். பஹுவா நகர்ந்து இடம் விடுகிறாள்.