பேரப்பிள்ளை பிறந்தால் ஒரே இனம்

வண்ணத்துப்பூச்சிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாலோடு வால் சேர்ந்து, வலைக்கூண்டின் கூரையில் தொங்கின. சண்டை போட்டுவிட்டுப் படத்துக்கு நிற்கும் தம்பதி மாதிரி. ஒன்றுக்கு இறக்கையில் கறுப்புக் கோடு உண்டு, மற்றதற்கு இல்லை. காபியைக்கூடக் குடிக்கவிடாமல் என்னைச் சமையலறைக்கு இழுத்து வந்து நிறுத்திய என் மனைவி, "நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறம் நான்தான் பிடிச்சுக் கட்டி வச்சேன்னு சொல்லக்கூடாது" என்றாள்.

நான் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு அதிகாரி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், கோடு இல்லாத வண்ணத்துப்பூச்சியைத்தான் எல்லோருக்கும் தெரியும். கோடு போட்டதை ஆற்றுக்கு அக்கரையில் முதலில் பிடித்தவன் நான். புது இனம் என்று கட்டுரை எழுதி, அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்த இவள் பெயரையே அதற்கு வைத்தேன். மோதிரம் எல்லோரும்தான் போடுகிறார்கள். பெண்டாட்டி பெயரைப் பூச்சிக்கு வைத்து அச்சில் ஏற்றியவன் இரண்டு குடும்பத்திலும் நான் ஒருவன்தான். உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம் அவளுக்கு உருப்படியாக நான் எதுவும் கொடுத்ததில்லை.

அவளோ உயிருள்ள பூச்சிகளின் ஆள். பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்ப்பது அவள் வேலை. நான் குண்டூசி குத்தி வைத்ததைப் பார்த்து இனம் பிரிப்பவன். "செத்துப் போனதைக் கேட்டா அது என்னத்தைச் சொல்லும்? ஒண்ணோட ஒண்ணு சேருதா, பிள்ளை பிறக்குதா, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்குதா, அதைப் பாருங்க. பிறந்தா ரெண்டும் ஒரே இனம்" என்பாள். ஒரே இனம் என்று ஆகிவிட்டால் பழைய பெயர்தான் நிற்கும். நான் வைத்த பெயரை அடித்துவிடுவார்கள்.

"போகப்போறது உன் பேருடி" என்றேன்.

"போனாப் போகட்டுங்க."

பிள்ளைகள் பிறந்தன. முட்டை, புழு, கூடு என்று ஒரு மாதம் அலமாரி முழுக்க அவற்றின் ராஜ்யம். உப்பு டப்பா துணி பீரோவுக்குக் குடிபோயிற்று. வெளிவந்த அத்தனைக்கும் இறக்கையில் அரைக்கோடு. நான் அசரவில்லை. "குதிரையும் கழுதையும் சேர்ந்தாக்கூடத்தான் கோவேறு கழுதை பிறக்குது. அதுக்குக் குட்டி உண்டா? இதுங்களும் அப்படித்தான், பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

"பாப்போம் சம்பந்தி" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். கோடு போட்ட வீட்டுக்காரன் நான், போடாத வீட்டுக்காரி அவள்.

அரைக்கோட்டுக்காரி ஒருத்தி இலையின் அடியில் பதினோரு முட்டை வைத்தாள். கரு இருந்தால் ஐந்தாம் நாள் கறுக்கும். இல்லாவிட்டால் வற்றிச் சுருங்கிவிடும். நாலு நாளும் மஞ்சளாகவே இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து, பூதக்கண்ணாடியோடு போய்க் குனிந்தேன். பதினொன்றும் கறுத்திருந்தன. இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, 'வாடிப்போச்சு, எறிஞ்சுட்டேன்' என்று சொன்னால் என்ன? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தோன்றியது. சொன்னால் நம்பவும் நம்புவாள். காம்பை விரலால் பிடித்தும் விட்டேன். அப்போது ஒரு முட்டையின் உச்சியில் பொத்தல் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தலை விடாமல் கடித்துக்கொண்டிருந்தது. அம்மாடி, என்ன வேகம்! தலை வந்தது, மூச்சு வாங்குவதுபோல் நின்றது, பிறகு உடம்பு முழுக்க நெளிந்து வெளியே விழுந்தது.

"ஏய், ஓடி வாடி! பேத்தி பிறந்துட்டா!"

கத்தியது நான்தான். கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வாயெல்லாம் நுரையோடு ஓடி வந்தாள். "பேத்தின்னு யாரு சொன்னா? பேரனா இருந்தா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"உனக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதானே. அதுவும் போச்சே" என்றேன்.

"நீங்க பேரு வச்சது இதுங்களுக்குத் தெரியுமா? எனக்குத்தான் தெரியும். அது எங்கே போயிடப் போகுது?" என்று நுரையை என் சட்டைத் தோளில் துடைத்தாள். "நகருங்க சம்பந்தி, இன்னொண்ணு வருது."

நகர்ந்தேன். கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை. கன்னத்தோடு கன்னம் ஒட்டி இரண்டு பேரும் அதற்குள்ளேயே பார்த்தோம். முதலில் பிறந்தது தலையைத் திருப்பி, தான் வந்த காலி முட்டையோட்டை ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்திருந்தது.