ஆவுடையப்பன் சனிக்குப் போன வகை

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்கிறேன். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேதி உண்மை, நேரம் உண்மை, இட்லியின் எண்ணிக்கைகூட உண்மை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடுவில் போக வழி கிடையாது.

ஆவுடையப்பன் சனி கிரகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மலைமேல் உள்ள விண்வெளி நிலையத்தில், பதினாலாம் நம்பர் அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்க்கொண்டிருந்தார். அவர் அங்கே ஸ்டோர் உதவியாளர். வயது ஐம்பத்தேழு. திருகும் வயர்ச் சுருளும் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வேலை. கிரகங்களோடு அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை.

எல்லாம் ஆயுத பூசையால் வந்தது.

அந்த நிலையத்தில் ஆயுத பூசை வருடம் தவறாமல் நடக்கும். திருப்புளி முதல் கம்ப்யூட்டர் வரை சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொட்டு வைத்த பொருளை மறுநாள் வரை நகர்த்தக் கூடாது. அந்த வருடம் சனிக்குப் போகவேண்டிய கலமும் பூசையில் இருந்தது. கலம் என்றால் ஆள் இல்லாமல் தானாகப் போகிற இயந்திரம். ஆவுடையப்பன் அதன் காலடியில் குனிந்து, உருண்டுபோன ஒரு திருகைத் தேடிக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணம் வந்தது. நெற்றியில் ஒரு பொட்டு விழுந்தது. முதுகில் ஒன்று விழுந்தது. கழுத்தில் ஒரு முழம் கதம்பம் ஏறியது. கலத்தின் முறை வந்தபோது சந்தனம் தீர்ந்துவிட்டது.

ஆவுடையப்பன் எழுந்தார்.

"எந்திரிக்காதிய அண்ணாச்சி," என்றார் திட்ட அதிகாரி கோமதிநாயகம். "பூசையில வச்சாச்சு."

"நான் மனுசன்லா, சார்."

"அத நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

மறுநாள் பட்டியல் எடுத்தார்கள். பொட்டு இருந்ததை எல்லாம் எண்ணி எழுதினார்கள். 'சனிக் கலம், ஒன்று' என்ற வரிக்கு நேராக ஆவுடையப்பன் நின்றார். அவருடைய இடது தோளில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பொட்டு இல்லாத கலத்தைக் கலம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேன்டீன் வாசலில் நிறுத்தினார்கள். மழை நாளில் அதன் கம்பியில் குடை மாட்டினார்கள்.

"சார், ஐப்பசி பதினொண்ணு எம் மவளுக்குக் கல்யாணம்," என்றார் ஆவுடையப்பன்.

"கெளம்புத தேதி குறிச்சாச்சே அண்ணாச்சி. கிரகமெல்லாம் தோதா நிக்கு. இத விட்டா இன்னும் பன்னெண்டு வருசம் ஆவும்."

"கல்யாணமும் கிரகம் பாத்துத்தான் குறிச்சிருக்கு."

கோமதிநாயகம் கொஞ்சம் யோசித்தார்.

"அது வேற கிரகம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆவுடையப்பனை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. கலம் என்றே சொன்னார்.

கல்யாணத்துக்கு ஆவுடையப்பன் போயே ஆகவேண்டும். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணமேடையில் பெண்ணின் அப்பா வாய் திறந்து, 'கட்டுங்க மாப்பிள்ளை' என்று சொல்லவேண்டும். அவர் சொன்னால்தான் மேளம் கொட்டும். சொல்லாமல் கட்டினால் அது தாலி இல்லை, மஞ்சள் கயிறு. அப்பா உயிரோடு இல்லாவிட்டால் சித்தப்பா சொல்லலாம். அப்பா சனிக்குப் போயிருந்தால் யார் சொல்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

திங்கட்கிழமை அவரை அனுப்பினார்கள். அனுப்பும்முன் எரிபொருள் ஏற்றினார்கள். அறுபத்துமூன்று இட்லி. வழியில் நிரப்ப முடியாது என்பதால் மொத்தமாக அலமாரியில் அடுக்கினார்கள். சட்னி எடை கூடும் என்று விட்டுவிட்டார்கள். பத்திலிருந்து கீழே எண்ணினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

கதவைப் பூட்டவில்லை. அதுதான் கஷ்டம்.

முதல் நாள் அறை வாசலிலிருந்து லிஃப்ட் வரை இருபத்திரண்டு எட்டு. ஆவுடையப்பன் எண்ணியிருக்கிறார். இரண்டாம் நாள் அதே நடைவழி நானூறு எட்டு இருந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு நடுப்பகல் வரை நடந்தார். லிஃப்டின் சிவப்பு விளக்கு ஊசிமுனையாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். பதினாலாம் நம்பர் அறை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. கூடவே வந்திருக்கிறது. உள்ளே போய் ஓர் இட்லி சாப்பிட்டார்.

ஒவ்வொரு நாளும் பத்தேகாலிலிருந்து பத்து இருபத்தைந்து வரை ஆண்டெனா அவர் பக்கம் திரும்பும். அந்தப் பத்து நிமிடம்தான் அவர் பேசலாம், அவருக்கு வந்த பேச்சைக் கேட்கலாம். சுவரில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது.

முதலில் கோமதிநாயகம் கேட்பார். "சூடு எவ்வளவு? சாய்வு எவ்வளவு? கலம் இருக்கா?"

"நான் கலமில்ல சார். ஸ்டோர் ஆவுடையப்பன்."

"கலம் பதில் குடுக்கு," என்பார் கோமதிநாயகம் யாரிடமோ. "எழுதிக்கோங்க."

தூரம் கூடக்கூடப் பேச்சு தாமதமாகப் போயிற்று. இரண்டாம் வாரத்தில் அவர் ஒரு வரி சொன்னால் அதற்குப் பதில் மறுநாள்தான் கிடைத்தது. கோமதிநாயகம் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைப்பது நன்றாகத் தெரியும். சொல் வந்து சேர நேரமாகும். அதற்குள் அவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

மனைவி செல்லக்கனியின் பேச்சும் அந்த ஒலிபெருக்கியில்தான் வந்தது.

"ஏங்க, ஏழரைச் சனி முடிஞ்சுட்டுன்னு ஜோசியரு சொன்னாருலா? அது முடிஞ்சு போனபொறவு நீங்க எதுக்குத் தேடிப் போறிய? பந்தக்கால் நட்டாச்சு. வடிவு சரியாச் சாப்பிட மாட்டேங்கா. அப்பா வருவாகளான்னு கேக்கா. என்ன சொல்லட்டும்?"

வடிவு என்பது மகள் சண்முகவடிவு. ஆவுடையப்பன் அன்றைய தன் பத்து நிமிடத்தை வீட்டுக்குச் செலவழிக்கவில்லை. ஆண்டெனாவைத் திருப்பும் பிரிவில் இருந்த ஜெபமணிக்குச் செலவழித்தார். ஜெபமணி நல்ல மாதிரி. ஸ்டோரில் டேப் வாங்க வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

"ஜெபமணி, ஐப்பசி பதினொண்ணு முகூர்த்தம் ஏழரையிலருந்து ஒம்பது. அதுக்குள்ள நான் சொல்லுதது மண்டபத்து மைக்செட்டுக்குப் போய்ச் சேரணும். ஆண்டெனாவ இந்தப் பக்கம் திருப்பு."

மறுநாள் பதில் வந்தது. "காலம்பற ஆண்டெனா வெள்ளிக்குப் போன கலத்துக்குல்லா, அண்ணாச்சி. அது உங்களுக்கு சீனியர்."

"ரெண்டே சொல்லுதான். மூணு செகண்டு."

அதற்கு மறுநாள்: "அதுக்கு விண்ணப்பம் இருக்கு. அதோட நீங்க உயிரோட இருக்கியங்கிறதுக்கு ஒரு சான்று வைக்கணும். கெசட்டட் ஆபீசர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"நேர்ல எவன்டே வருவான்? நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர்."

அதற்கும் மறுநாள் ஜெபமணியின் குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப ஒரே வழிதான். கலம் சீக்குல விழுந்துட்டா எல்லா ஆண்டெனாவும் அதப் பாத்துத் திரும்பிரும். நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

சீக்கில் விழுவதற்கும் முறை உண்டு. விதிப்புத்தகம் அலமாரியில், இட்லிக்குப் பின்னால் இருந்தது. ஆவுடையப்பன் எடுத்துப் படித்தார். தனக்குள் கோளாறு என்று உணர்ந்த கலம், கருவிகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் ஒலியை இடைவிடாமல் அனுப்ப வேண்டும். அந்த நிலையில் கலம் பேசக் கூடாது. தானாக அந்த நிலையிலிருந்து வெளியே வரவும் கூடாது. கமிட்டி கூடி ஆணை அனுப்பவேண்டும்.

அவர் இதை இரண்டு தடவை படித்தார். சீக்கில் விழாவிட்டால் அவர் குரல் மண்டபத்துக்குப் போகாது. விழுந்தால் போகும், ஆனால் சொல் போகாது. 'கட்டுங்க மாப்பிள்ளை' என்பதில் ஒலி நிறைய இருக்கிறது. அவருக்கு அனுமதி ஒன்றுக்குத்தான்.

ஐப்பசி பதினொன்று காலை ஆறரை மணி. சனி இருந்த தூரத்திலிருந்து பேச்சு போக ஒரு மணி இருபது நிமிடம். ஆவுடையப்பன் கடைசி இட்லியைச் சாப்பிட்டார். முகம் கழுவினார். விபூதி பூசினார். நாற்காலியைக் கிழக்கு ஜன்னல் பக்கம் திருப்பினார். சூரியன் சிறுத்துச் சிறுத்துக் கொத்தமல்லி விதை அளவுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து உட்கார்ந்தார்.  கையையும் காலையும் அணைத்தார். வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக, "ம்" என்றார்.

நிறுத்தவில்லை.

கூரைமேல் பெரிய இரும்பு உருளுகிற சத்தம் கேட்டது. ஆண்டெனாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஏழரை ஆனது. எட்டரை ஆனது. ஒன்பது அடித்தது. "ம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கை அணைந்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏங்க. கேக்குதா? ஏழு அம்பதுக்கு மைக்செட்டுல ஒரு சத்தம் வந்துச்சு. ம்முன்னு ஒரே இழுவை. சுருதிப் பெட்டி கெட்டுப்போச்சுன்னு நாயனக்காரரு அதப் போட்டுத் தட்டுதாரு. மைக்செட்டுக்காரன் வயரப் புடுங்கிப் பாத்தான், நிக்கல. மாப்பிள்ள வீட்டுல ஒருத்தர ஒருத்தர் பாக்காவ. ஐயரு, நேரம் போவுது, பொண்ணோட அப்பா எங்கன்னு கேக்காரு. எட்டே முக்கால் வரைக்கும் பாத்தேன். எந்திரிச்சேன். இதான் அவிய பதிலு, கட்டுங்க மாப்பிள்ளன்னேன். ஒனக்கு எப்படித் தெரியும்னு ஒங்க தம்பி கேக்காரு. முப்பது வருசமா நான் என்ன கேட்டாலும் இதத்தான் சொல்லுதாவ, எனக்குத் தெரியாதான்னேன். மேளம் கொட்டிட்டாவ. கட்டியாச்சு. வடிவு அந்த மைக்செட்டக் கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடப் போனா. சாம்பார்ல உப்பு கொஞ்சம் கூட. நீங்க எப்ப வாரிய?"

ஆவுடையப்பனுக்கு நிறையச் சொல்லவேண்டும்போல் இருந்தது. மகள் எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்கவேண்டும். பந்தியில் யார் நின்றது என்று கேட்கவேண்டும்.

"ம்," என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி கூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் எழுந்து வாயசைத்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. கூட்டம் முடிந்து அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வந்து சேர்ந்தது.

"கலம் சீக்குல விழுந்தும், காலம்பறலருந்து விடாம சத்தம் குடுக்கு. இந்த மாதிரி உறுதியான கலம் நமக்கு வாச்சதே இல்ல. அதனால திட்டத்த இன்னும் பன்னெண்டு வருசம் நீட்டலாம்னு இருக்கோம். சனியத் தாண்டி அடுத்ததுக்கும் போவட்டும். விதிப்படி கலத்துக்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். கலத்துக்குச் சம்மதமா? ஆட்சேபம் இருந்தா சத்தத்த நிறுத்தலாம். நிறுத்தினா கலம் தொலஞ்சுபோச்சுன்னு எழுதி, வீட்டுக்கு மால அனுப்பிருவோம்."

கைதட்டல் அதற்குப் பின்னால் வந்தது.

ஆவுடையப்பன் செல்லக்கனியை நினைத்தார். அன்றைக்குத்தான் கல்யாணம் முடிந்த வீடு. வாசலில் கட்டிய வாழை இன்னும் வாடியிருக்காது. அந்த வாழைக்கு நடுவே மாலையோடு ஒருவன் போய் நிற்பதை நினைத்தார். மூச்சை உள்ளே இழுத்தார்.

"ம்," என்றார்.

ஒரு மணி இருபது நிமிடம் கழித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டார். விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நடைவழி இன்னும் கொஞ்சம் நீண்டது.

ஆவுடையப்பன் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஆண்.