புரூடன்ஸ் கண்ட ஒரே போர்

எங்கள் போர்க்கப்பல் புரூடன்ஸ் பதினேழு ஆண்டுகள் இங்கிலாந்து அரசருக்குச் சேவை செய்தது. அதன் நாட்குறிப்பை எழுதியவன் நான், கேப்டனின் எழுத்தர். 'மேல்காற்று. பட்டாணி வேகவில்லை.' பதினேழு ஆண்டும் இதேதான். முப்பத்திரண்டு பீரங்கி இருந்தும் ஈ, காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

இந்தப் பயணம் முடிந்ததும் கப்பலை உடைத்து விறகாக்கப் போவதாகக் கடிதம் வந்தது. கேப்டன் பாஸ்கோவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஒரே ஒரு வெற்றி எழுதிட்டா போதும்யா, உடைக்க மாட்டாங்க" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அகப்பட்டது. இரண்டு பக்கமும் ஒரு சுற்றுச் சுட்டார்கள். கேப்டன் அண்ணாந்து எங்கள் கொடியைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இந்தக் கந்தலைக் கட்டிக்கிட்டா முதல் சண்டை போடுறது? இறக்குங்க. பெட்டில புதுசு இருக்கு."

இறக்கினோம். பெட்டியைத் திறந்தால், புதுக் கொடியை எலிகள் தின்று தீர்த்திருந்தன. சண்டையில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாக அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் சுடுவதை நிறுத்திப் படகை இறக்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்கன்னு கத்தட்டுங்களா ஐயா?" என்றார் எங்கள் தச்சர் ட்ரெவின். எனக்கு அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது.

பிரெஞ்சுக் கேப்டன் கெர்விலி மேலே ஏறி வந்தார். மூன்றாவது எட்டில் அவர் கால் உளுத்த பலகைக்குள் முழங்கால்வரை போனது. ட்ரெவின் பக்குவமாக இழுத்து வெளியே எடுத்தார்.

"உள்ள தண்ணி எவ்வளவு ஏறுது?" என்று கெர்விலி எங்கள் மொழியிலேயே கேட்டார்.

"மணிக்கு மூணு அடிங்க. இறைக்கிறதை நிறுத்தினா சாயங்காலத்துக்குள்ள மீனுக்கு விருந்து" என்றார் ட்ரெவின்.

எங்கள் கேப்டன் முறைப்படி வாளை நீட்டினார். கெர்விலி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதை எங்க பிரெஸ்ட் துறைமுகம் வரைக்கும் ஓட்டிட்டுப் போக என் ஆளுங்க என்ன பாவம் பண்ணாங்க? நீங்களே வெச்சுக்குங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குங்க. நாங்க தோத்தாச்சு. மரியாதையா எங்களைப் பிடிச்சுட்டுப் போங்க" என்றார் எங்கள் கேப்டன்.

"முடியாதுங்க."

படகு திரும்பியது. அவர்கள் எல்லாப் பாயையும் விரித்து ஓட்டம் பிடித்தார்கள்.

நான் நாட்குறிப்பை எடுத்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை: 'மேல்காற்று. பிரெஞ்சுக் கப்பலோடு போர். எதிரி நம் தளம்வரை ஏறினான். நம்மை நேரில் பார்த்ததும் பின்வாங்கினான்.' கேப்டன் மூன்று முறை படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

துறைமுகம் சேர்ந்ததும் நாட்குறிப்பை மேலிடத்துக்கு அனுப்பினோம். லண்டனிலிருந்து பதில் வந்தது. இப்படிப்பட்ட வீரக் கப்பலை உடைப்பதாவது? இன்னும் ஐந்து ஆண்டு கடலில் இருக்கட்டும், அதே ஆட்களோடு.

கேப்டன் கடிதத்துக்கு முத்தம் கொடுத்தார். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ட்ரெவின் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தப் பிரெஞ்சுக்காரன் கால்ல விழுந்தாவது அவன் படகுல ஏறியிருக்கலாம்யா" என்றார்.